சாப்பாட்டுக் கூடத்தில் உன் படம்

என் அருள் அண்ணனுக்கு,

நீ இருந்திருந்தால் இந்தச் செய்தியை ஒரு போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிட்டு, என்ன சொல்லப் போகிறாய் என்று பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன். இப்போது கடிதம்தான் வழி. உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உன் படம் சுவரில் ஏறிவிட்டது, அண்ணே. கம்பெனி ரிசப்ஷனில் இல்லை. நம் சாப்பாட்டுக் கூடத்தில்.

எந்தப் படம் என்று நீ கேட்கமாட்டாய். நம் கம்பெனி ஆட்கள் பதினோரு பேர் வரிசையாக உட்கார்ந்து மதியச் சோறு தின்கிற அந்த ஐந்தடித் துணிதான். பிரிண்டிங் செக்‌ஷனில் பகல் முழுக்கக் கலர் கலந்து கொடுத்துவிட்டு, டப்பா அடியில் மிஞ்சிய பேஸ்ட்டை வழித்து, கழித்துப் போட்ட பனியன் துணியில் நீ வரைந்தது. சூடு காட்டினால் அப்பளம் போல உப்பி எழும்பும் பஃப் பேஸ்ட்டை விரல்களுக்கும் மூக்குகளுக்கும் மட்டும் வைத்திருந்தாய். தூரத்தில் நின்று பார்த்தால் படம். கிட்டே போனால், சோற்றைப் பிசைகிற கைகள் துணியை விட்டு எழுந்து நிற்கும். இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கோவில்பட்டியிலிருந்து திருப்பூருக்குப் பஸ் ஏறி வந்தபோது நம் இருவருக்கும் பனியனைப் போட்டுக்கொள்ள மட்டும்தானே தெரியும்?

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு ஒரு வருடம் உன் படங்களை யாரும் தொடவில்லை. பிறகு ஒருநாள் ரோஸ்லின் மதினி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். பீரோவுக்கு மேலிருந்த பாலிதீன் மூட்டையைக் கையால் காட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டே.

"ஸ்டெல்லா, இத நீ கொண்டு போயிரு. எனக்குப் பாக்க ஏலல. ஆனா கெட்டுப்போகவும் விட்டுறாத" என்றாள்.

உள்ளே பதினாறு படங்கள். மழைக்கால ஈரம் வெளியே போக வழியில்லாமல் இரண்டில் பூஞ்சை பிடித்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அவசரம் வந்துவிட்டது. அந்த அவசரத்தில்தான் தப்புச் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் உன் பெரிய படத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துணிமேல் அழுத்தி ஆணி அடித்துக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது. சிமெண்ட் ஷீட் போட்ட என் வீட்டுச் சுவரில் மாட்டினேன். சித்திரை வெயில் வந்தது. உப்பி நின்ற பேஸ்ட் சூட்டில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பயந்துபோய்ச் சட்டத்தைப் பிரித்தேன். படத்தில் இருந்த செக்கிங் சாவித்திரி அக்காவின் கட்டைவிரல் கண்ணாடியோடு வந்துவிட்டது.

உனக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது நான் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை, அண்ணே. அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் இது என் கை செய்த வேலை. பிளேடால் சுரண்டி எடுக்கப் பார்த்தேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது.

மறுநாள் சாவித்திரி அக்காவிடமே போய்ச் சொன்னேன். அவர் சேவூர்க்காரர், உனக்குத் தெரியாதா, எதையும் பதறாமல் கேட்பவர். கையிலிருந்த பனியனை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ற வெரலா போயிருச்சு? போனாப் போகுது உடு கண்ணு. நெசமான வெரல் இருக்குதல்லொ?" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு. அந்த எடத்துல வேற யாரையாச்சும் கூப்பிட்டுப் புதுசா எதையும் அப்பீராத. அருளு வெச்சது வெச்சபடியே இருக்கோணும். மிச்சத்தையாவது ஒழுங்காக் காப்பாத்து" என்றார்.

அதுவரை அழுதுகொண்டிருந்த நான் அதற்குப் பிறகு அழவில்லை.

இந்தப் பேச்சு எப்படியோ ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். என் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நம்ம கம்பெனில இப்படி ஒருத்தர் இருந்திருக்காருன்னே தெரியாமப் போச்சுங்களே. அடுத்த மாசம் சரக்கு வாங்கற பையர் வர்றாங்க, அம்மிணி. ரிசப்ஷன்ல மாட்டீரலாமுங்க. ஏசி ரூமு, படமும் நல்லா இருக்கும்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பன்னிரண்டு வருடமாக அதே கம்பெனியில் தைக்கிறேன், அவர் முன்னால் உட்கார்ந்து பேசியதே இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"ஐயா, இந்தப் படத்துல இருக்கிற யாரும் ரிசப்ஷன் பக்கம் வரமாட்டாங்களே. கேண்டீன்லதான மாட்டணும்?"

அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "கேண்டீன்ல சாம்பார் ஆவி, எண்ணெய்ப் புகை, போதாததுக்குப் பஞ்சுத் தூசி. ஒரு மாசம் தாங்குமுங்களா?"

"தாங்குற மாதிரி செஞ்சா?"

"செஞ்சுட்டு வாங்க அம்மிணி, பாக்கலாம்" என்றார்.

செய்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். எப்படிச் செய்வது என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் துணிக்கடைகளுக்கு அக்ரிலிக்கில், அதுதான் கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக்கில், பெட்டி செய்து கொடுக்கும் சுப்பிரமணி என்பவரை விசாரித்துப் பிடித்தேன். படத்தை மேசையில் விரித்தேன். அவர் விரல் படாமல், குனிந்து பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்தது.

"இதுக்குத் தட்டையான சட்டம் ஆகாதுங்க. பொட்டி மாதிரி ஆழம் வேணும். மூடி எந்த எடத்துலயும் படத்தைத் தொடக்கூடாது" என்றார். "கண்ணாடியும் வேண்டாமுங்க. சாப்பிடற ஆளுக தலைக்கு மேல மாட்டறீங்க. அக்ரிலிக்குன்னா எடை பாதிதான், உழுந்தாலும் சில்லுச் சில்லாச் செதறாது. ஆனா சீக்கிரம் கீறல் உழும். தொடைக்கறேன்னு தின்னரு, ஸ்பிரிட்டுப் பக்கம் போயிராதீங்க, வெடிப்பு உட்டுரும்."

எவ்வளவு ஆழம் என்று கேட்டார். படத்தில் மிக உயரமாக எழுந்து நிற்பது பொங்கலூர் சண்முகம் அண்ணனின் மூக்கு. அதை அளந்து, அதற்கு மேல் ஒரு அங்குலம் காலி விடச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

பெட்டி தயாராகும் வரை என் பங்கு வேலையைச் செய்தேன். பனியன் துணி ஓரம் சுருளும், தொங்கவிட்டால் இழுபடும். பசை போட்டால் பின்னால் கறை வரும் என்று பயம். அதனால் பலகைமேல் துவைத்துக் காயவைத்த காடாத்துணியைப் போர்த்தி, அதன்மேல் உன் படத்தை ஓரம் முழுக்கக் கையாலேயே தைத்தேன். தையல் வெளியே தெரியாது. மெஷின் ஊசியில் உன் படத்தைக் கொடுக்க மனசு வரவில்லை.

பெட்டி வந்ததும் இன்னொரு சோதனை. மேலே ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாளைக் கம்பெனியிலேயே உரித்தேன். உரித்த மறு நொடி, சுற்றியிருந்த பஞ்சுத் தூசி மொத்தமும் பறந்து வந்து அப்பிக்கொண்டது. துடைக்கத் துடைக்க இன்னும் வந்தது. சுப்பிரமணிக்குப் போன் போட்டேன்.

"காஞ்ச துணில தேய்ச்சீங்களா? தேய்க்கத் தேய்க்க இழுக்குமுங்க. மெதுவான துணியை லேசா நனைச்சு ஒத்தி எடுங்க. பனியன் துணி மட்டும் வேண்டாமுங்க, அதே பஞ்சு உதுத்தும்."

திருப்பூரில் பனியன் அல்லாத துணிக்கு அலைந்தேன், அண்ணே! கடைசியில் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியைக் கடையில் கேட்டு வாங்கினேன். மெஷின் எதுவும் ஓடாத ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்து, கூடத்துத் தரையை ஈரத்துணியால் துடைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். தலைமுடியை முக்காடு போட்டுக் கட்டினேன். பெட்டியை ஒத்தி ஒத்தித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, படத்தின்மேல் மூடி, பக்கவாட்டில் திருகாணிகளை முடுக்கினேன். சாவித்திரி அக்கா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். வெயில் விழாத, அடுப்புக்கும் கைகழுவும் இடத்துக்கும் தள்ளியிருக்கிற சுவரில் மாட்டினோம்.

திங்கட்கிழமை மதியம் முதல் பெல் அடித்தது. டிபன் பாக்ஸோடு வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவரவர் தங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்த சுனிதா தன் முகத்துக்கு நேரே அக்ரிலிக்கில் உள்ளங்கையை வைத்து, இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். கைரேகை பதிந்தது. துடைக்கப் போனவள் நின்றுவிட்டேன். அவள் கை உன் பேஸ்ட்டைத் தொடவில்லை. பெட்டி போட்டதே அதற்குத்தானே?

முதலாளியும் வந்தார். யார் யார் என்று கேட்டார். சாவித்திரி அக்கா பதினோரு பேரின் பெயரையும் சொன்னார். மூன்று பேரை முதலாளிக்குத் தெரியவில்லை. அதில் இருவர் அவருக்கு அருகிலேயே தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர் அவர்களைத் திரும்பிப் பார்த்து, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றார். பிறகு என்னிடம், "இங்கயே இருக்கட்டுமுங்க அம்மிணி. பையரை இங்க கூட்டீட்டு வந்துக்கறேன்" என்றார்.

இன்னும் பதினைந்து படங்கள் இருக்கின்றன. பூஞ்சை பிடித்த இரண்டையும் காற்றாட உலர்த்தி, மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன். முழுதாகப் போகுமா, தெரியாது. போகாவிட்டாலும் அப்படியே பெட்டிக்குள் வைப்பேன்.

போன வாரம் மதினியைப் பார்க்கப் போனேன். நைட் ஷிப்ட் முடித்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்குகிற மாதிரி அவளை நீ வரைந்த சின்னப் படத்தைப் பற்றிச் சொன்னேன். கேண்டீனில் எல்லோரும் பேசிக்கொண்டதையும் சொன்னேன். அவள் காப்பி ஆற்றிக்கொண்டே இருந்தாள். டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பெட்டி எவ்வளவு பெருசு வரும்?"

கையால் காட்டினேன். அவள் சுவரைப் பார்த்தாள். "இப்ப வேண்டாம் ஸ்டெல்லா. அளவு மட்டும் குடுத்து வெய்யி" என்றாள்.

அன்றைக்கே சுப்பிரமணியிடம் அளவு கொடுத்துவிட்டேன், அண்ணே. பெட்டி வந்து, தாள் உரிக்காமல் என் வீட்டில் இருக்கிறது. அவள் எப்போது கூப்பிட்டாலும், மறுநாளே வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் படத்தோடு போய் அவள் சுவரில் நானே மாட்டுவேன். எத்தனை வருடம் ஆனாலும் சரி.

உன் கை பட்டதை இனி என் கை கெடுக்காது என்ற உறுதியோடு,

உன் கூடப்பிறந்தவள்
ஸ்டெல்லா