இஞ்சி நசுக்கிய துப்பாக்கி

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

கதவைத் திறக்காதே. வாசலிலேயே நின்று இதை முழுவதும் படி. மாலை வகுப்பில் நாம் எழுத்துப் படித்த பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது.

நீ வடலூருக்குப் புறப்பட்டதும், பழைய துப்பாக்கிகளைச் சோதிக்கிறவர் வந்தார். உன் அப்பா கொடுத்த கைத்துப்பாக்கி அசலா போலியா என்று பார்க்க, குழலுக்குள் ஓர் ஈர்க்குச்சியை விட்டார். பிறகு அதே குச்சியை வெளியே வைத்து அளந்தார். குச்சி அடிவரை போகவில்லை. அவர் முகம் மாறிவிட்டது.

“அசல்தாங்க ஐயா. போலியில யாரு மருந்து கெட்டிச்சு வைப்பா? உள்ள குண்டு அப்படியே இருக்குது. ஒரு நெருப்புப் பொறி போதும்.”

“என் வூட்டுக்காரி தெனம் அதாலதான் இஞ்சி நசுக்கிக்கினு இருக்காங்க.”

“கொழாயப் புடிச்சிக்கினா? மொதல்ல அந்தம்மாவக் கும்புடணுங்க” என்றார். சிரிக்கவில்லை.

அசல் என்றதும் துள்ளிக் குதித்தவன் நான். இப்போது, நீ நசுக்கும்போது அதன் வாய் எந்தப் பக்கம் இருந்தது என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அது அடுப்பு மேடையில் கிடக்கிறது. தூக்க அவருக்கே பயம். போலீசை அழைத்துவர இருவரும் போகிறோம். உன் கைப்பேசி உள்ளேயே அடிக்கிறது. மகன் ஷிப்டு முடிந்து வரவில்லை. உன்னிடமும் சாவி இருக்கிறது. வந்ததும் முதலில் டீதான் போடுவாய். அதனால்தான் இதைத் தாழ்ப்பாளில் செருகுகிறேன். எதிர்வீட்டுச் செந்தாமரையிடம் போய் உட்கார்.

எழுத்து கோணலாக இருப்பது கை நடுங்குவதால். எனக்கு நன்றாகவே எழுத வரும்.

உன் வீட்டுக்காரன்