இரண்டு கேமரா, ஒரே நம்பர்

திங்கள், இரவு.

கல்யாணப் பெண் வீட்டில் எடுத்த வீடியோ முழுவதும் போய்விட்டது. அழித்தது கம்ப்யூட்டரில் நான் எழுதிய ஸ்கிரிப்ட்தான்.

பெண்ணின் அப்பா கப்பலில் இருக்கிறார். கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. கப்பல் நெட்டில் பெரிய வீடியோ இறங்காது. அதனால் எல்லா ஃபைலையும் சின்னதாக்கி, ஒரே ஃபோல்டரில் போட்டு, ஒரிஜினலை அழித்துவிடும்படி எழுதி ஓடவிட்டேன். பெண் வீட்டுக்கு ஒரு கேமரா, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கேமரா. இரண்டும் ஃபைல்களுக்கு ஒன்றிலிருந்து ஒரே நம்பர் வரிசையைத்தான் வைக்கும். பெண் வீட்டின் மேல் மாப்பிள்ளை வீடு ஏறி உட்கார்ந்துவிட்டது. அதே பெயரில் ஃபைல் இருந்தால் கேட்காமல் அதன் மேலேயே எழுது என்றும் நானே சொல்லி வைத்திருக்கிறேன், முட்டாள்.

கேமராவின் மெமரி கார்டுகளை அடுத்து வந்த ஆலந்தலைக் கல்யாணத்துக்கு ஃபார்மட் செய்து கொடுத்தாயிற்று. ரெக்கவரி போட்டால் ஆலந்தலைப் பந்திதான் வருகிறது.

கோயிலுக்குக் கிளம்பும் முன், அப்பாவின் சட்டையை மாட்டியிருந்த நாற்காலி முன் அந்தப் பெண் ஆசீர்வாதத்துக்கு முழங்கால் போட்டாள். கை நடுங்காமல் எடுத்தேன்.

சாயங்காலம் அவள் அப்பா கப்பலிலிருந்து குரல் பதிவு அனுப்பியிருந்தார். "தம்பி, முழுசும் வேண்டாம்டே. பிள்ள என் சட்டைக்கு முன்னால முழங்கால் போட்டாளாம்லா, அத மட்டும் அனுப்பு. இங்கன எல்லாரும் பாக்கணும்னு இருக்கானுவ."

"ஏறிக்கிட்டு இருக்கு அண்ணாச்சி" என்று பதில் போட்டேன்.

இப்போது மறுபடியும் கேட்கிறார், எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று.