கோட்டை விட்ட தெரு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, அண்ணன், அண்ணி, நான் எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் உனக்கு வகுப்பு வந்துவிடுகிறது, இல்லையென்றால் “அம்மா, அதை அப்படிப் பாக்கக் கூடாது” என்று நீ ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் படி.

பெயரில் கோட்டை இருக்கிற ஊர், தெரு ஒன்று விடாமல் வருஷக்கணக்காக அலைந்து, எங்கே நிஜமாகவே கோட்டை இருந்தது, எங்கே பெயர் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது என்று புத்தகம் போட்டாய், எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் நம் கோட்டைத் தெருவில் கோட்டையே இருந்ததில்லை என்று எழுதப் போவதை எங்களிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாமே. உன் படத்தைப் போட்டு ‘கோட்டை இல்லாத கோட்டைத் தெரு’ என்று பேப்பரில் வந்ததை அண்ணன் வாசித்துத்தான் எங்களுக்கே தெரியும். அப்பாவை நினைத்துப் பார்த்தாயா. மோட்டார் வைண்டிங் கடைக்குக் கோட்டை என்று பெயர் வைத்து, ஊரே கோட்டையார் என்று கூப்பிட, அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டிருந்த மனுஷர். தெருக்கோடி மேடுதான் மதில் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னவர். அது பழைய செங்கல் சூளையில் கொட்டிய கழிவு என்று நீ எழுதிவிட்டாய். மறுநாளே சலூன்காரர் கடைக்கு வந்து, “என்ன கோட்டையாரே, உங்க பொண்ணே நம்மளைக் கோட்டை விட வெச்சிடுச்சே” என்று கேட்டிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் தன் பங்குக்கு, போர்டில் முன்னால் ‘மன’ என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னாராம். அப்பா அங்கே சிரித்துவிட்டு வந்து இங்கே சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்து போனார். இப்போதெல்லாம் டீக்கடைப் பக்கமே போவதில்லை, காலையில் பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடு என்கிறார். ஆர்மேச்சருக்குக் கம்பி சுற்றும்போது பாட்டு வைப்பாரே, அதுவும் நின்றுவிட்டது.

இது வீட்டோடு போயிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். நம் கவுன்சிலர் தன் அப்பா பெயரைத் தெருவுக்கு வைக்க ரொம்ப நாளாகத் துடித்துக்கொண்டிருந்தது உனக்கே தெரியும், மர டிப்போ வைத்திருந்தாரே, மீட்டர் வட்டிக்கு விட்டாரே, அவர்தான் அந்த அப்பா. யாரும் ஒத்துக்கொள்ளாததால் கவுன்சிலர் வாயை மூடிக்கொண்டிருந்தார். இப்போது உன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருகிறார். “ஆராய்ச்சியே சொல்லிடுச்சு, இது பொய்ப் பேரு, படிச்ச பொண்ணு, நம்ம தெருப் பொண்ணு” என்று நம் வாசலிலேயே நின்று சொன்னார். நான் உனக்குப் போன் போட்டால், “நான் பொய்ப் பேருன்னு எழுதவே இல்லம்மா, அடுத்த பக்கத்தைப் படிக்கச் சொல்லு” என்றாய். யாரைப் படிக்கச் சொல்வது? நானே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். ஒரு வாக்கியத்துக்குள் நுழைந்தால் வெளியே வர வழி தெரியவில்லை. கருத இடமுண்டு என்கிறாய், எனக் கொள்ளலாம் என்கிறாய், அடுத்த வரியிலேயே ஆயினும் என்கிறாய். இத்தனைக்கும் விஷயம் இவ்வளவுதான்: நிஜக் கோட்டை ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது, அதை இடித்தபோது உள்ளே குடியிருந்தவர்களைத் துரத்திவிட்டார்கள், அவர்கள் இக்கரைக்கு வந்து குடிசை போட்டார்கள், கோட்டைக்காரர் தெரு என்று சொல்லிச் சொல்லிக் கோட்டைத் தெரு ஆகிவிட்டது. இதை இப்படியே எழுதினால் உன் பல்கலைக்கழகம் பட்டத்தைப் பிடுங்கிக்கொள்ளுமா?

போன ஞாயிற்றுக்கிழமை வார்டு ஆபீஸ் மாடியில் பெயர் மாற்றக் கூட்டம் போட்டார்கள். அப்பா வர மாட்டேன் என்று படுத்துக்கொண்டார். நானும் அண்ணியும் போனோம். கவுன்சிலர் உன் புத்தகத்திலிருந்து நாலு வரி வாசித்துவிட்டு, யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், பாராட்டவா திட்டவா என்று தெரியாத ஒரு பார்வை. நான் எழுந்து, “என் பொண்ணு இங்க கோட்டை இல்லைன்னுதான் எழுதியிருக்கா, பேரு பொய்யின்னு எழுதல” என்று ஆரம்பித்து, அக்கரையிலிருந்து வந்தவர்கள் கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப ஓடி வந்தவங்க தெருன்னு வெச்சிடலாமா?” என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அண்ணி கூடக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது, உன்மேல் வந்த கோபத்தை எழுத முடியாது.

அப்போது பின்னாலிருந்து அப்பா குரல் கேட்டது. எப்போது வந்தார் என்று தெரியாது, கடைச் சட்டையோடு படிக்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். “ஓடி வரல, துரத்தினாங்க. வீடு போச்சு, மதில் போச்சு, ஒரு பேரைத்தான் கையில கொண்டாந்திருக்காங்க. அதையும் வாங்கி உங்கப்பாவுக்குக் குடுக்கணுமா?” என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சலூன்காரர்தான் முதலில் எழுந்து, “கோட்டையார் கேக்கறது நியாயம்தானே” என்றார். அதற்கப்புறம் ஆளாளுக்குப் பேச, கவுன்சிலர் முகம் சுண்டிப் போய், சரி, புத்தகம் எழுதியவரே இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கையெழுத்துப் போட்டு ஒரு பக்கம் தரட்டும், அடுத்த மாதக் கூட்டத்தில் அதை வைத்து முடிவு செய்யலாம் என்று தள்ளிவைத்தார்.

அந்த ஒரு பக்கத்தைத்தானே உன்னிடம் போனில் கேட்டேன். அதற்கு நீ, உள்ளூர் அரசியலில் ஆராய்ச்சியாளர் தலையிடக் கூடாது, கேட்பதாக இருந்தால் முறைப்படி பல்கலைக்கழகத் துறைக்கு எழுதிக் கேட்கட்டும் என்கிறாய். நீ தலையிடவில்லையா? உன் பெயரைச் சொல்லித்தானே இவ்வளவும் நடக்கிறது. கவுன்சிலர் கையில் புத்தகமாக நீ இருக்கிறாய், எங்கள் பக்கம் இருக்க மட்டும் உனக்கு முறை வேண்டியிருக்கிறதா? அண்ணன் சமாதானமாக, அவளுக்கு வேலைக்குச் சிக்கல் வரலாம் என்கிறான். வரட்டும், வந்தால் என்ன சிக்கல் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல். சும்மா ‘நடுநிலை’ என்று பெரிய வார்த்தை போட்டு என் வாயை அடைக்காதே.

கூட்டம் முடிந்து அப்பா எங்களோடுதான் நடந்து வந்தார். நீ எழுதியதை ஒத்துக்கொள்கிறாரா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது, உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் ஸ்பானரைத் தேடப் போய்விடுகிறார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டார், “அவளை அங்க எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டா என்ன சொல்லுவா?” அதற்குப் பதிலை நீயே அவருக்கு எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி கண் விழித்துப் படிக்காதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், உன் பெயர் இன்னும் பெரிதாக விளங்கட்டும், இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனால் மனசாரத்தான் எழுதுகிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னால் நீ கையெழுத்துப் போட்ட அந்த ஒரு பக்கம் வந்து சேர வேண்டும். அதில் ஒரு இடத்தில்கூடக் கருத இடமுண்டு என்று எழுதாதே.

இப்படிக்கு,
கோட்டைத் தெருவிலிருந்து,
உன் அம்மா