நீ சைக்கிளில் விழவில்லை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதைத் தவிர மூன்று நாளாக எனக்கு வேறு நினைப்பில்லை. நேற்று கடையில் ஒரு நிலைக்கண்ணாடியை அளவு தப்பாக வெட்டிவிட்டேன், உன் அம்மா பார்த்துவிட்டு அந்தத் துண்டைத் தானே எடுத்து ஓரமாக வைத்தாள். அவள் திட்டாமல் இருந்தால் விஷயம் பெரியது என்று உனக்கே தெரியும்.

நீ போனில் அழுததை எல்லாம் சொன்னாள். ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாடி இருக்கிறது, அது குழந்தையின் ரத்தத்தைத் தாக்கக்கூடும் என்று டாக்டர் சொன்னதும், முன்னால் ரத்தம் ஏற்றினார்களா, இதற்கு முன் கர்ப்பம் ஏதாவது உண்டா என்று கேட்டதும், நீ இரண்டுக்கும் இல்லை என்றதும், அந்த இரண்டில் ஒன்று இல்லாமல் அது பெரும்பாலும் வராதாமே, நீ பழைய கர்ப்பம் எதையோ மறைக்கிறாய் என்று அதிலிருந்து மாப்பிள்ளை உன்னிடம் முகம் கொடுத்துப் பேசாததும். அம்மாடி, நீ பொய் சொல்லவில்லை, உனக்குத் தெரியாது. பொய் சொன்னவன் நான்.

உன் இடது கையில் அக்குளுக்குக் கீழே இருக்கும் தழும்பு சைக்கிளில் விழுந்து வந்ததல்ல. உனக்கு அப்போது மூன்று வயது. மதியம் சாப்பிடப் போகும் அவசரத்தில், வெட்டிய கண்ணாடி ஒன்றை அடியில் கட்டை கொடுக்காமல் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பினேன். யார் வேலைக்கு வந்தாலும் நான் முதலில் சொல்வதே அந்தக் கட்டையைத்தான். நீ என்னைப் பார்த்து ஓடி வந்தாய், கண்ணாடி சரிந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடி ஆஸ்பத்திரி வாசலை மிதித்தபோது என் சட்டை என்ன நிறம் என்று சொல்ல முடியாது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். நீ கண் விழித்து என்னாச்சுப்பா என்று கேட்டாய், சைக்கிள்லேர்ந்து விழுந்துட்டே கண்ணு என்று என் வாய் தானாகச் சொன்னது. என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாதே என்ற சுயநலம்தான், வேறென்ன. உன் அம்மாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அதன்பிறகு நீ சைக்கிளையே தொடவில்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் ஓட்டிப்போக, நீ நடக்காத விபத்துக்குப் பயந்து நடந்தே பள்ளிக்குப் போனாய், நானும் குத்துக்கல் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று விடிந்ததும் உன் அம்மா, நீங்க சொல்றீங்களா, சத்தியத்தை மீறி நான் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டாள். நாலு தடவை போனை எடுத்து எடுத்துக் கீழே வைத்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். அன்றைய ஆஸ்பத்திரிச் சீட்டை எங்கள் அறைக் கண்ணாடியின் பின்பலகைக்குள் வைத்து ஆணி அடித்திருந்தேன், கண்ணாடிக்காரன் வேறெங்கே ஒளிப்பான். கழற்றிவிட்டேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, ஆனால் தேதியும் ரத்தம் ஏற்றியதும் தெளிவாக இருக்கிறது. இந்தக் கடிதத்தையும் அந்தச் சீட்டையும் உன் அம்மா போட்டோ எடுத்து இப்போதே உன் போனுக்கு அனுப்புவாள்.

இதை முதலில் மாப்பிள்ளையிடம் படிக்கக் கொடு, அவர் கோபம் எங்கே வர வேண்டுமோ அங்கே வரட்டும். அப்புறம் இரண்டு பேருமாகப் போய் டாக்டரிடம் சீட்டைக் காட்டுங்கள். அடிக்கடி ரத்தமும் ஸ்கேனும் பார்த்துக் கவனித்தால் பெரும்பாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று இங்கே நான் விசாரித்த டாக்டர் அம்மா சொன்னார், பெரும்பாலும் என்ற அந்த ஒரு சொல்தான் என்னை உட்கார விடவில்லை. சொன்ன தேதியில் ஒன்றைக்கூடத் தவறவிடாதே. என்னை மன்னிக்க அவசரமில்லை, பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். நீயும் அதுவும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைச் சைக்கிளிலிருந்து தள்ளிவிட்ட அப்பா