புளி போட்டுத் தேய்த்த காசு

வெள்ளிக்கிழமை, நவம்பர் 1989

இன்று குத்துவிளக்குத் தேய்க்கும்போது, இவர் உலோகம் தேடும் கருவியோடு இந்த நாட்டு வெள்ளைக்காரன் ஒருவனின் காணிக்குப் போய்த் தோண்டி எடுத்த பழைய வெள்ளிக்காசையும் சேர்த்துத் தேய்த்தேன். கன்னங்கரேலென்று கிடந்தது. புளி போட்டு, திருநீற்றால் மினுக்கி, அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன். இவர் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

பார்த்ததும் இவருடைய முகம் செத்துவிட்டது.

"உம்மை ஆர் இதைத் தேய்க்கச் சொன்னது?"

"ஊத்தைக் காசை அம்மாளுக்கு முன்னால வைக்க ஏலுமே?"

"காசில இருந்த ராசாவின்ர முகமே மழுங்கிப் போச்சு. எடுத்தது எடுத்தபடி காட்டினாத்தான் காணிக்குள்ள விடுவன் எண்டவன் வெள்ளைக்காரன். நாளைக்கு எதைக் காட்டுறது?"

காணிக்காரனுக்கும் அதில் பாதி உண்டாம். என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

"நான் வந்து சொல்லுறன், நான்தான் தேய்ச்சனான் எண்டு."

"அவனுக்கு உம்மட திருநீறு விளங்குமே?"

வேலை போன பிறகு இந்த மனுஷன் வீட்டை விட்டு வெளியே போவது அந்தக் காணிக்கு மட்டும்தான். மற்ற நாளெல்லாம் திரைச்சீலையைக்கூட விலக்க விடமாட்டார். அந்த ஒரு போக்கையும் நானே கெடுத்துவிட்டேனோ? அம்மாளே, அந்தக் காணிக்காரனுக்கு மனம் இரங்க வேண்டும்.

சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. கருவியிலிருந்த பற்றரிகளைக் கழற்றிச் சமையலறை ரேடியோவுக்குப் போட்டார். ரேடியோவையும் பாட விடவில்லை.