கறுத்த இரும்பு

மகளே,

நேற்று அந்தப் பழைய கொல்லன் பட்டறைக்குப் போயிருந்தேன். உன் புருஷனைப் பார்க்க அல்ல. நூறு வருஷத்து உலை இன்னும் எரிகிறதாமே, அதைப் பார்க்க.

கறுத்துக் கிடந்த கொக்கி ஒன்றை எடுக்கக் கை நீட்டினேன். உன் புருஷன் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"ஐயா, தொடாதீங்க! சிவப்பா இருந்தா எல்லாரும் ஒதுங்கிடுவாங்க. கறுத்ததும் ஆறிப்போச்சுன்னு நினைச்சுக் கை வெச்சிடுவாங்க."

பிறகு அதைத் தண்ணீரில் முக்கி, முதலில் தான் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தான்.

உன்னை எப்படி வைத்திருக்கிறானோ என்று தூக்கம் இல்லாமல் புரண்டுகொண்டிருந்தவன், நேற்று குறட்டை விட்டேனாம். உன் அம்மா புகார் சொல்கிறாள்.

உங்கள் கல்யாணத்துக்கு வராத என்னை அவனுக்கு எப்படி அடையாளம் தெரியும்? அடுத்த தடவை 'ஐயா' வேண்டாம், 'மாமா' என்று கூப்பிடச் சொல்.

கை சுடாமல் வீடு திரும்பிய,
அப்பா