வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள்

கடலூர் முதுநகர்
9.6.2024

அன்புள்ள பெலிசியா,

நலமா? போனில் பேசினால் நாலாவது வார்த்தையிலேயே புருஷன் பெண்டாட்டிச் சண்டை வந்துவிடுகிறது. அதனால் ஈமெயில். இதில் நீ குறுக்கே பேச முடியாது, நானும் கத்த முடியாது.

விஷயம் நீ கடல்நீரில் உயிர்ப் பவளம் வளர்க்கும் உன் பவளத் தொட்டிதான். நீ வேலைக்கென்று சிதம்பரம் போனதிலிருந்து நான் அதை முன்பைவிட நன்றாகவே பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பாறையில் பொட்டுப் பாசி கிடையாது. நீ எல்.ஈ.டி. விளக்கை நாற்பது சதவீதத்தில் வைத்துக் கஞ்சத்தனம் செய்திருந்தாய்; நான் தொண்ணூறுக்கு ஏற்றிவிட்டேன். காலையிலிருந்து ராத்திரி வரை எரிகிறது. பாஸ்பேட்டை உறிஞ்சும் அந்தச் செந்நிறத் துகளை இரண்டு மடங்கு போட்டேன். மீன்களுக்கு ஒரு வேளைதான் தீனி. டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட்டும் பூஜ்யம். என் பட்டறையில் ஓவர்ஹால் முடிந்த படகு எஞ்சின்கூட இவ்வளவு சுத்தமாக இருக்காது.

ஆனால் உன் பச்சைப் பூப் பவளம் ஒரு வாரமாக மூடியே கிடக்கிறது. தோல் மாதிரி இருக்கும் லெதர் பவளம் வெளுத்துவிட்டது. மணல் மேல் பழுப்பாக, குமிழ் குமிழாக ஏதோ சளி படர்கிறது. இன்னும் என்ன மருந்து ஊற்றலாம், சொல்.

அன்புடன்,
டோனி

---

சிதம்பரம்
12.6.2024

டோனிக்கு,

நலம். எதையும் ஊற்றாதீர்கள். கையைக் கட்டிக்கொண்டு தொட்டியின் முன்னால் உட்காருங்கள். அதுதான் முதல் மருந்து.

பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வைத்துச் சமைத்து, தானும் சாப்பிட்டுப் பவளத்துக்கும் போடுவது அதுதான். சமைப்பதற்கு அதற்குக் கொஞ்சம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வேண்டும். நீங்கள் அடுப்பைப் பெரிதாக எரியவிட்டு அரிசியைப் பிடுங்கிக்கொண்டீர்கள். அந்தப் பழுப்புச் சளியும் சத்தே இல்லாத தண்ணீரில்தான் தலையெடுக்கும்.

விளக்கை முப்பத்தைந்துக்கு இறக்குங்கள். எட்டு மணி நேரம் போதும். செந்நிறத் துகளை வெளியே எடுங்கள். அழுக்கை நுரையாக்கித் தள்ளும் ஸ்கிம்மரைப் பாதி நாள் நிறுத்துங்கள். மீன்களுக்கு இரண்டு வேளை தீனி. சளியைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். பிறகு ஒரு மாதம் எதையும் மாற்றக் கூடாது. நாளுக்கொரு யோசனை தோன்றும். தோன்றட்டும், செய்யாதீர்கள்.

இன்னொன்று. என் தொட்டியை மாற்ற யாரைக் கேட்டீர்கள்? பரங்கிப்பேட்டை இறால் குஞ்சு லேபிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டுப் போன் வந்தபோதும், நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், "அவுங்க வரமாட்டாங்க சார்" என்று நீங்களே சொல்லி வைத்துவிட்டீர்கள். மறுநாள் நான் நேரில் போய் நின்று அந்த வேலையை வாங்க வேண்டியிருந்தது. முதுநகரிலிருந்து பரங்கிப்பேட்டை பக்கம்தான். ஆனாலும் நான் ஏன் சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன் என்று இப்போதாவது யோசியுங்கள்.

பெலிசியா

---

கடலூர் முதுநகர்
14.7.2024

அன்புள்ள பெலிசியா,

சொன்னபடி செய்தேன். முதல் பத்து நாள் எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. தொட்டி இருட்டாக, மாதா கோயில் ஜன்னல் மாதிரி நீலமாக இருந்தது. பக்கத்து வீட்டு இன்னாசிமேரி அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா டோனி, கரண்டு பில்லு கட்டலியா?" என்று கேட்டார்கள்.

இப்போது சளி பாதிக்கு மேல் போய்விட்டது. நைட்ரேட் ஐந்து காட்டுகிறது. கண்ணாடியில் மெலிதாகப் பச்சைப் பாசி வந்ததும் எனக்குப் பயம், ஆனால் தொடவில்லை. நேற்றுக் காலை பட்டறைக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், பூப் பவளத்தில் ஒரு ஓரம் விரிந்திருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டேன். படகுக்காரர் அய்யனார் போன் மேல் போன்.

நல்லா வந்துவிட்டது, விளக்கை ஐம்பதுக்கு ஏற்றட்டுமா?

நீ கடைசியில் எழுதியிருந்ததைப் படித்தேன். உன் நல்லதுக்குத்தான் அப்படிச் சொன்னேன். தினம் அலைய வேண்டாமே என்று நினைத்தேன்.

டோனி

---

சிதம்பரம்
18.7.2024

அன்புள்ள டோனி,

ஐம்பது வேண்டாம். வாரத்துக்கு ஒரு சதவீதம் ஏற்றுங்கள், நாற்பதோடு நில்லுங்கள். பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே பிரியாணி போடுவீர்களா?

கண்ணாடியில் பாசி வந்தால் நல்ல சேதி. தண்ணீரில் சாப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். முன் கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சௌகரியம்தான். என்னோடு அறையில் இருக்கும் சிவப்ரியா நன்றாகச் சமைப்பாள், அதைவிட நன்றாகச் சண்டை போடுவாள். லேபில் இறால் குஞ்சுத் தொட்டிகளின் தண்ணீர்ப் பரிசோதனை முழுவதையும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். போன வாரம் ஒரு தொட்டியில் அமோனியா ஏறுவதை நான்தான் முதலில் பிடித்தேன். பொறுப்பாளர் சூர்யநாராயணன் சார், "எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று கேட்டார். வாசனையில் என்றேன். எனக்கே பெருமையாக இருந்தது. உங்களிடம் சொல்ல வேண்டும்போல் தோன்றியது, சொல்கிறேன்.

என் நல்லது எது என்று என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பெலிசியா

---

கடலூர் முதுநகர்
13.10.2024

அன்புள்ள பெலிசியா,

தொட்டியை நீ பார்க்க வேண்டும். போட்டோ இணைத்திருக்கிறேன். லெதருக்கு நிறம் திரும்பிவிட்டது. பூப் பவளம் பக்கத்துப் பாறைக்கும் ஏறிவிட்டது. கோமாளி மீன் ஜோடி லெதரிலேயே படுத்துக் கிடக்கிறது. விளக்கு நாற்பதுதான். சத்தியம்.

மழைக்காலம் வருகிறதே என்று, நீ வாங்கி வைத்த இன்வர்ட்டரைத் தொட்டிக்கு மட்டும் தனி லைன் இழுத்து மாட்டிவிட்டேன். நீ போன வருஷமே சொன்னது. பேட்டரி புதுசு. அலை மோட்டாரும் காற்று பம்ப்பும் மட்டும் ஓடினால் இரண்டு நாள் தாங்கும், கணக்குப் பார்த்துவிட்டேன்.

இன்னாசிமேரி அக்கா வீட்டுக்காரர் தைரியராஜ் அண்ணனுக்கு மூச்சு ரொம்ப மோசம். வீட்டிலேயே ஆக்ஸிஜன் மிஷின் வைத்திருக்கிறார்கள். அக்கா உன்னை விசாரித்தார்கள். "எப்ப வருது அந்தப் பொண்ணு?" என்றார்கள். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்தேன்.

டோனி

---

கடலூர் முதுநகர்
3.12.2024

அன்புள்ள பெலிசியா,

டவர் இல்லை, கரண்ட் இல்லை. பால் வண்டி கலியமூர்த்தி எப்படியாவது சுற்றி வளைத்துச் சிதம்பரம் போய்விடுவேன் என்கிறான், அவனிடம் இந்தக் காகிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர், நம் வாசற்படியோடு நின்றுவிட்டது.

புயலில் கரண்ட் போனதும் உன் இன்வர்ட்டர் தொட்டியை ஓட்டியது. காலையில் இன்னாசிமேரி அக்கா தண்ணீரில் நடந்து வந்து கதவைத் தட்டினார்கள். அவர்கள் வீட்டில் தண்ணீர் ஏறி, ஆக்ஸிஜன் மிஷினை ஓட்டிய பேட்டரி செத்துவிட்டது. "அவருக்கு உதடு நீலமா போச்சு டோனி, ஏதாச்சும் பண்ணுப்பா" என்றார்கள்.

தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், பார்த்தேன். உன்னைக் கேட்க போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. பிறகு லைனைக் கழற்றி, இன்வர்ட்டரையும் பேட்டரியையும் காலி ஐஸ் பெட்டியில் வைத்துத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனேன். மிஷின் ஓடியது. சார்ஜை மிச்சம் பிடிக்க, மூச்சு திணறும்போது மட்டும் போட்டோம். அண்ணன் கண்ணைத் திறந்து, "யாரு, டோனியா?" என்றார். மறுநாள் மத்தியானம் பேட்டரி தீரும் நேரத்துக்கு டிராக்டர் வந்து அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது. உயிரோடு இருக்கிறார்.

தொட்டியில் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றினேன், காற்று கலக்கட்டும் என்று. கை வலிக்க வலிக்க ஊற்றினேன். போதவில்லை. கோமாளி மீன் ஒன்று செத்துவிட்டது. லெதர் கரைந்து விழுகிறது. தண்ணீர் நாறுகிறது.

உன் பொருளை உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன். போன் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

டோனி

---

சிதம்பரம்
4.12.2024

அன்புள்ள டோனி,

கலியமூர்த்தி வாசலில் நிற்கிறார், அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். இரண்டு நாளாக உங்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லாமல் நான் பட்ட பாட்டை நேரில்தான் சொல்ல வேண்டும்.

கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் பாதி தூரம் தண்ணீரில் போயிருப்பீர்கள். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போது வேலை. அழுகுவது மற்றப் பவளங்களைக் கொல்லாது, அழுகலிலிருந்து வரும் அமோனியாதான் கொல்லும். செத்த மீனையும் லெதரையும் முழுவதும் எடுத்துவிடுங்கள், துண்டுகூட இருக்கக் கூடாது. வண்டியில் லேபில் வடிகட்டிய கடல்நீர் பத்துக் கேன் வருகிறது. உங்கள் காகிதம் கிடைத்ததும் லேபுக்குப் போய் சூர்யநாராயணன் சாரிடம் கேட்டு வாங்கி வந்தேன். தொட்டித் தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டு இதை மெதுவாக ஊற்றுங்கள். ஒரு பொட்டலம் கரித்தூள் இருக்கிறது, மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப் சிவப்ரியா கொடுத்தது. கரண்ட் வந்தாலும் விளக்கு இருபதுக்கு மேல் வேண்டாம். மீனுக்கு மூன்று நாள் தீனி வேண்டாம். நம்மிடம் இருப்பவை கல் கூடு கட்டாத மெத்துப் பவளங்கள், கல் பவளத்தை வீட்டில் வைக்கச் சட்டமும் விடாது. மெத்துப் பவளம் முரட்டு ஜாதி. பாதியாவது பிழைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

நீங்கள் சாப்பிட்டீர்களா என்று எழுதவில்லை. பையில் இட்லியும் பிரெட்டும் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

உங்கள்
பெலிசியா

---

கடலூர் முதுநகர்
26.1.2025

அன்புள்ள பெலிசியா,

கிறிஸ்துமஸுக்கு நீ வருவாய் என்று நினைத்தேன். புயலுக்குப் பிறகு இறால் தொட்டிகளுக்கு ஆள் வேண்டும் என்று நீ சொன்னது நியாயம்தான். இருந்தாலும் கேக்கை நான் ஒருவனே தின்று தீர்த்தேன்.

தொட்டி நிலவரம். லெதர் போனது போனதுதான். பாறையில் தட்டையாக ஒட்டிக் கிடக்கும் காளான் பவளங்களில் ஒன்றுகூடச் சாகவில்லை. பூப் பவளத்தில் பாதி பிழைத்து, இப்போது தினம் விரிகிறது. அமோனியா போன மாதமே பூஜ்யம். நைட்ரேட் மட்டும் முப்பதில் நிற்கிறது. நேற்று என் கை அந்தச் செந்நிறத் துகள் டப்பா வரைக்கும் போனது. திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன். என்ன செய்யட்டும்?

தைரியராஜ் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். நாலு எட்டு நடக்கிறார். இன்வர்ட்டரைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்து, "உம் பொண்டாட்டி கிட்ட நான் சொன்னன்னு சொல்லு" என்றார். என்ன சொல்ல என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை.

இன்னொன்று. இது முடிவு இல்லை, கேள்வி. நான் சிதம்பரம் பக்கம் வந்துவிடட்டுமா? கீரப்பாளையம் பக்கம் டிராக்டரும் பம்ப்செட்டும் ஏராளம். படகு எஞ்சின் பார்த்த கைக்கு அது பெரிய விஷயமில்லை. நீ வேலையை விட வேண்டாம். வாங்க என்று நீ சொன்னால் வருகிறேன். வேண்டாம் என்றாலும் சொல், கோபப்பட மாட்டேன். கோபப்படாமல் இருக்க முயற்சி செய்வேன்.

டோனி

---

பரங்கிப்பேட்டை
31.1.2025

அன்புள்ள டோனி,

முதலில் தொட்டி. நைட்ரேட் முப்பது மெத்துப் பவளத்துக்கு ஆபத்தில்லை. செந்நிறத் துகள் பாஸ்பேட்டைத்தான் உறிஞ்சும், நைட்ரேட்டுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. டப்பாவை மூடி வையுங்கள். வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினால் தானே இறங்கும். விளக்கு இப்போது இருக்கும் அளவிலேயே இருக்கட்டும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: வேண்டாம். கீரப்பாளையம் டிராக்டர்களுக்கு ஆள் இருக்கிறார்கள். புயலில் மூழ்கிய எஞ்சின்களை வைத்துக்கொண்டு அய்யனாரும் மற்றவர்களும் உங்கள் பட்டறை வாசலில் நிற்கிறார்கள் என்று இன்னாசிமேரி அக்கா போனில் சொன்னார்கள். அவர்களை விட்டுவிட்டு வந்தால் உங்களுக்கே தூக்கம் வராது.

அந்தக் கேள்வியை ஐந்து நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. லேபில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் நின்று படித்துக்கொண்டிருந்ததை சூர்யநாராயணன் சார்கூடப் பார்த்துவிட்டார்.

இன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டேஷனுக்கு நடந்தேன். சீசன் டிக்கெட் எடுத்துவிட்டேன். பரங்கிப்பேட்டையிலிருந்து கடலூர் துறைமுகம் ஜங்ஷன். திங்கட்கிழமையிலிருந்து நம் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகிறேன். வேலை என்னுடையது, அதில் பேச்சே இல்லை. அறையை விட்டுவிட்டேன், சிவப்ரியா ஒரு பாட்டம் அழுதுவிட்டு என் அலமாரியைத் தனக்கு எடுத்துக்கொண்டாள்.

இதில் எதையும் உங்களைக் கேட்டுச் செய்யவில்லை. ஒரு தடவை நானும் கேட்காமல் செய்து பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

நாளை சனிக்கிழமை சாயங்கால ரயிலில் வருகிறேன். இரண்டு பை, ஒரு புத்தகப் பெட்டி. பெட்டி கனம். ஸ்டேஷனுக்கு வண்டியோடு வர முடியுமா? இது நிஜமாகவே கேள்விதான். பட்டறையில் வேலை இருந்தால் சொல்லுங்கள், ஆட்டோ பிடித்துக்கொள்வேன்.

உங்கள்
பெலிசியா